தொண்ணூறு ஊற்றிய கதை

லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. சித்தப்பாவின் மகன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். சந்தியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது கியர்பொக்ஸ் ஒருமுறை 'கர்ர்க்' என்றது. வாசல் கதிரையில் இருந்த அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கியர்பொக்ஸுக்கு என்னடா ஊத்தினே?" என்றார். கேள்வி லொறி ஓட்டியவனுக்கில்லை, கதவுநிலையில் சாய்ந்து நின்ற எனக்கு.

"நல்ல ஒயில்தான் அப்பா. தொண்ணூறு."

"ம்."

அதோடு கோப்பையை எடுத்துக்கொண்டார். லூசியா கோவில் மணி அடித்து முடியும் வரை வேறு ஒரு சொல்லும் இல்லை.

அப்பா கண் வெண்படல சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினி தட்டும் எனக்கு லொறியின் கணக்கும் பராமரிப்பும் வந்து சேர்ந்தது அப்படித்தான். இசுசு எல்ஃப், ஜப்பானில் ஓடி முடித்து 'ரீகண்டிஷன்' என்று இங்கே வந்து இறங்கியது. வயதைக் கேட்டால் அப்பா "உன்னைவிட ரெண்டு வருஷம் இளசு" என்பார். வாரம் மூன்று முறை நுவரெலியாவுக்குப் போய் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி இரவோடிரவாகப் பேலியகொடைக்கு இறக்கும். மெனிங் மரக்கறிச் சந்தை புறக்கோட்டையை விட்டு அங்கே போனபின் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் நெரிசல் குறைந்தது, வேலை குறையவில்லை.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. 2025இல் கதவு திறந்தபோது விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். ஆக, இருக்கிற பழசைச் சாகவிடாமல் பார்ப்பதுதான் கொழும்பில் பாதிப் பேருடைய தொழில். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இன்னும் உயிரோடிருப்பதும் அதனால்தான்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அப்பாவிடம் ஒரு நீல மட்டைக் கொப்பி இருக்கிறது. எந்தத் திகதி, எத்தனை கிலோமீற்றர், என்ன மாற்றினோம் என்று பத்துப் பதினைந்து வருடக் கணக்கு அதில். கியர்பொக்ஸ் வரிகளைத் தேடினேன். ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு: "கி.பொ. – எஞ்சின் ஒயில் 15/40." எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பா தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து உருண்டையாக்கிக் கராஜில் கைகழுவ வைக்கிற மனிதர். எஞ்சினுக்கு வாங்கிய பெரிய கேனில் மிஞ்சியதைத்தான் கியர்பொக்ஸுக்குள் விட்டுக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கியர் ஒயில் என்று ஒரு சாமான் தனியாக இருக்கும்போது கியர்பொக்ஸுக்கு யாராவது எஞ்சின் ஒயில் ஊற்றுவார்களா?

ஒரு சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். முதல் கடையிலேயே கடைக்கார நானா சிரித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வண்டி தம்பி?"

"பழைய எல்ஃப், நானா. கியர்பொக்ஸுக்கு."

"பழசெண்டா தொண்ணூறு கொண்டு போங்க. ஜிஎல் அஞ்சு. எல்லாரும் இதத்தான் கொண்டு போற. டிஃபுக்கும் இதையே ஊத்தலாம், ரெண்டு வேல ஒரு கேன்ல."

அவர் என்னை ஏமாற்றவில்லை. டிஃபுக்கு, அதாவது பின்அச்சில் இருக்கிற டிஃபரன்ஷல் பல்பெட்டிக்கு, அது சரியான ஒயில்தான். என் லொறியின் கியர்பொக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். அழுகிய முட்டை வாசம், கந்தகம். 'இதுதான் ஒயில்' என்று ஒரு திருப்தி. விலை கூட, மணம் கூட, இலக்கம் கூட.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. கொழும்புச் சூட்டில் கியர் கொஞ்சம் கனமாக விழுகிறது என்றான் தம்பி, அவ்வளவுதான். நுவரெலியாவில்தான் வினை. 1,868 மீற்றர் உயரம், தை மாத விடியற்காலை, தேயிலைச் செடியில் உறைபனி விழுகிற பருவம். முதல்நாள் சாமான் கிடைக்காமல் லொறியை இரவு முழுக்க வெளியில் நிறுத்தியிருக்கிறான். காலையில் ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கியர்க் கம்பு போகவே இல்லையாம். இரண்டு கையாலும் இழுத்ததாகச் சொன்னான். பாரத்தோடு கினிகத்தேனைப் பக்கமாக இறங்கும்போது ஒயில் சூடாகிக் கம்பு இளகியது, ஆனால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்குகிற ஒவ்வொரு முறையும் பல் உராய்ந்தது. அந்த வளைவுகளில் மூன்று விழாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பாதையில் கோவா மூட்டைகளோடு இறங்கியவனுக்குத் தெரியும். பிறேக் மணத்தோடு வந்து சேர்ந்தான்.

அன்றிரவுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

எனக்கு முதலில் உடைந்தது அந்த இலக்கத்தின் மயக்கம். 15/40ஐவிடத் தொண்ணூறு இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. எஞ்சின் ஒயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஒயிலுக்கு வேறோர் அளவுகோல். புறக்கோட்டையில் துணி அளக்கிற கஜமும் அரிசி நிறுக்கிற கிலோவும் ஒன்றில்லை என்பதுபோல. எஸ்ஏஈ என்ற தரத்தில் 90 என்றால் 100 பாகைச் சூட்டில் அதன் பாகுமை, அதாவது தடிப்பு, 13.5இலிருந்து 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ஒயிலில் 40 என்று போடுவதற்கு 12.5இலிருந்து 16.3. சூட்டில் இரண்டும் கிட்டத்தட்ட அயல்வீட்டுக்காரர். வித்தியாசம் குளிரில். வெறும் 90 என்று ஒற்றை இலக்கம் போட்ட ஒயிலுக்குக் குளிரில் எப்படி ஓட வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. 80டபிள்யூ-90 என்றால் அந்த 'டபிள்யூ'வுக்காகக் கழித்தல் 26 பாகையில் ஒரு சோதனை உண்டு. நான் வாங்கியது ஒற்றைத் தொண்ணூறு. கொழும்பில் குளிர் எதற்கு என்று நாம் கேட்கலாம். ஆனால் எங்கள் லொறி பாதி இரவுகளைக் கழிப்பது கொழும்பில் இல்லையே.

தடிப்பைவிடப் பெரிய விஷயம் அந்த 'ஜிஎல் அஞ்சு'. கியர் ஒயிலின் வகைகளான ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவற்றை ஓ/எல், ஏ/எல் பரீட்சை மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஐந்து பாஸ் என்றால் நான்கும் பாஸ்தானே! கேன்களில்கூட 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று சேர்த்து அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். என் அபிப்பிராயத்தில், பித்தளை உள்ள பெட்டிக்கு அந்தக் கோடு போட்ட கேனை நம்பி வாங்காமலிருப்பது நல்லது.

ஐந்து வந்தது டிஃபரன்ஷலுக்காக. அங்கே பினியன் என்கிற சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்காது, கீழே தள்ளி இருக்கும். அதனால் பல்லோடு பல் உருளுவதோடு நிற்காமல் நெடுக வழுக்கி உரசிக்கொண்டும் போகும். அந்த உரசலில் ஒயில் படலம் வழிக்கப்பட்டு இரும்பும் இரும்பும் முட்டும். அதைத் தடுக்கத்தான் கந்தகமும் பொசுபரசும் கலந்த சேர்க்கை. முட்டுகிற இடத்துச் சூட்டில் அது இரும்போடு கூடி மேலே மெல்லிய தோல் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது, அந்தத் தோல் தேயும், பல் தப்பும். ஜிஎல்-5இல் இந்தச் சேர்க்கை ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரும்புக்கு மருந்தாக இருக்கிற கந்தகம் செம்புக்குப் பகை. சாமியறைக் குத்துவிளக்கை இரண்டு மாதம் மினுக்காமல் விட்டால் கறுக்கிறதல்லவா, அம்மா புளி போட்டுத் தேய்க்கிற அந்தக் கறுப்பு? காற்றில் இருக்கிற துளிக் கந்தகத்துக்கே அந்தக் கதி. கியர்பொக்ஸுக்குள்ளே இருக்கும் சின்க்ரோ றிங் செம்பு கலந்த பித்தளை. சூடான ஒயிலில் வருடக்கணக்காக அது ஊறுகிறது. புளி போட்டுத் தேய்க்க அங்கே ஆளில்லை. இப்போது வருகிற நல்ல ஜிஎல்-5 ஒயில்களில் இதை அடக்கும் சேர்க்கைகளும் உண்டு, செம்புத் தகட்டை 121 பாகையில் மூன்று மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கிற சோதனையில் அவை தேறித்தான் வருகின்றன. ஆகவே ஊற்றிய மறுநாளே பித்தளை கரைந்து போகும் என்று பயமுறுத்துகிறவர்களையும் முழுசாக நம்ப வேண்டாம். ஒரு மாதத்தில் எங்கள் லொறிக்கு வந்த நோய் அரிப்பாக இருக்க முடியாது. அது வழுக்கல்.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு 138 பஸ்தான் உதவியது. ஓடத் தொடங்கிய பஸ்ஸில் ஏறுகிறவன் நின்ற இடத்திலிருந்து பாய மாட்டான். கம்பியைப் பிடித்து, கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸின் வேகம் காலுக்கு வந்தபின்தான் மிதிபலகையில் கால் வைப்பான். சின்க்ரோ றிங்கின் வேலை அந்த நாலு எட்டு. அது கூம்பு வடிவப் பரப்பில் உரசிப் பிடித்து, ஓடுகிற சக்கரத்தை மற்றதன் வேகத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே பல்லைப் பல்லுக்குள் விடும். உரசாமல் பிடிக்க முடியாது. றிங்கின் உள்பக்கத்தில் நகக்கண்ணளவு மெல்லிய வரிகள் இருப்பது ஒயில் படலத்தை வெட்டி அந்தப் பிடியை எடுக்கத்தான். ஒயில் அளவுக்கு மீறித் தடிப்பாகவோ வழுக்கலாகவோ இருந்தால், தேங்காயெண்ணெய் பூசிய கையோடு பஸ் கம்பியைப் பிடித்த கதை. கால் மிதிபலகையில் படாமல் தரையில் இழுபடும். அந்த இழுபடுகிற சத்தம்தான் 'கர்ர்க்'.

மறுநாள் காலை லொறியின் சீற்றுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினேன். பொலித்தீன் உறைக்குள் மடித்துவைத்த ஜப்பான் கைநூல், நாங்கள் வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்காதது. கைபேசிக் கமெராவை எழுத்துக்குமேல் பிடித்தால் அது ஏதோ ஒரு பாஷையில் சொல்கிறது. ஒயில் அட்டவணை இருக்கிற பக்கம் வந்தது. டிஃபரன்ஷல்: கியர் ஒயில், 90, ஜிஎல்-5. சரி. அதற்கு மேல் வரி, டிரான்ஸ்மிஷன்: எஞ்சின் ஒயில். சூடான இடங்களுக்கு 15டபிள்யூ-40.

கமெராவை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தேன். அதே வரிதான்.

இசுசு தன் பழைய லொறிகளின் கியர்பெட்டிகள் பலவற்றுக்கு எஞ்சின் ஒயிலையே சொல்லியிருக்கிறது என்பது அதற்குப் பிறகு படித்துத் தெரிந்தது. அப்பா கைநூலைப் படித்தவரில்லை. "முந்தி இருந்த கராஜ் பாஸ் சொன்னார், இதுக்கு எஞ்சின் ஒயில்தான் எண்டு" என்றார், கேட்டபோது. ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை? "நீ படிச்சவன், புதுசா ஏதும் வந்திருக்கும் எண்டு நினைச்சேன்." இதற்கு நான் என்ன சொல்வது.

பேலியகொடைப் பாலத்தடியில் எங்களுக்குப் பழக்கமான கராஜ் இருக்கிறது. ஹட்டன் பக்கத்து மனிதர், அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கைநூலைக் காட்டினேன். அவர் நூலைப் பார்க்கவே இல்லை. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நுழைந்தார்.

"நூல் வண்டிக்குத் தம்பி. பெட்டி யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்? இருவது வருஷத்துல யாராவது பஞ்சிகாவத்தையில வேற பெட்டி வாங்கி மாட்டியிருந்தா?"

எனக்கு இது தோன்றியிருக்கவே இல்லை. இந்த ஊரில் முப்பது வருட லொறி என்பது பல லொறிகளின் கூட்டுக் குடும்பம். எல்ஃப் என்ற ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் வேறு வேறு பெட்டி வந்திருக்கிறது. பெட்டி மாறியிருந்தால் ஒயிலும் மாறும். சிலதுக்கு ஜிஎல்-4 80 அல்லது 90 சொல்லியிருப்பார்கள். சின்க்ரோவே இல்லாத பெரிய பாரவண்டிப் பெட்டிகளுக்கு எம்டி-1 என்று தனி வகை இருக்கிறது. அதனால் ஒயில் கடைக்குப் போக முன் பெட்டியில் அடித்திருக்கிற எழுத்தைச் சேறு துடைத்துப் படிப்பது முதல் வேலை. அண்ணே கம்பித் தூரிகையால் தேய்த்து எழுத்தை வாசித்துச் சொன்னார். கைநூலில் இருந்த அதே பெட்டி. அப்பாடா.

கழற்றும்போது அவர் செய்த ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஒயில் வடிக்கிற கீழ் நட்டைத் தொடமுன் ஊற்றுகிற மேல் நட்டைத் தளர்த்திப் பார்த்தார். வடித்து முடித்தபின் மேல் நட் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வெறும் பெட்டியோடு வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான், கயிறு கட்டி இழுக்கவும் பயம். எளிய விஷயம். ஆனால் அப்படிக் கிடந்த லொறிகளை அவர் பார்த்திருக்கிறார்.

ஓடிச் சூடான லொறி, ஒயில் இளகி மூன்று நிமிடத்தில் வடிந்தது. கீழ் நட்டில் காந்தம் இருக்கிறது. அதில் சாம்பல் நிறக் களி, விரலில் வழுவழுப்பாக. அது சாதாரணம், இரும்பு தேய்ந்த மாவு. துண்டு துண்டாக ஏதும் இருந்தால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தமாம், எங்களுக்கு இல்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். "பொறுங்க" என்றார் அண்ணே. பித்தளை காந்தத்தில் ஒட்டாதே. வெள்ளைத் துணியொன்றில் கொஞ்சம் ஒயிலை விட்டு வெயிலில் பிடித்தார். பொன்மாவு தூவினதுபோல் மினுங்கியது. நிறைய இல்லை. ஆனால் இருந்தது.

"இது இந்த ஒயிலாலயா அண்ணே?"

"முப்பது வருஷமும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க." நேர்மையான பதில். ஒரு மாத உராய்வு றிங்கின் ஓரத்தை எடுத்திருக்கும், அதற்கு முன் தேய்ந்ததும் இருக்கும், எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நடை ஓடவிட்டு, பழையது கழுவிக்கொண்டு வரட்டும் என்று அதையும் வடித்து, மறுபடி புதிதாக விட்டோம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று லீற்றர், மேல் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை. வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும், சரிவில் நின்றால் அளவு பொய் சொல்லும். பெட்டியின் மேலே இருக்கிற சின்ன மூச்சுத்துளையில் சேறு அடைத்திருந்ததையும் குத்தி எடுத்தார். அது அடைபட்டால் சூட்டில் உள்ளே காற்று பெருத்து ஒயில் சீல் வழியே ஒயிலைத் தள்ளும். 2016 வைகாசி வெள்ளத்தில் களனி பெருகியபோது வெல்லம்பிட்டியப் பக்கம் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளுக்கு அதே துளையால் தண்ணீர் போய் ஒயில் பால்தேத்தண்ணி நிறமாக வந்ததை அவர் இப்போதும் சொல்லுவார்.

இந்த இடைக்குள் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. சந்தையில் ஒருவர் "140 ஊத்துங்க, சத்தமே வராது" என்றார். வராதுதான். பழைய லொறியை விற்கப் போகிறவர்கள் செய்கிற வேலை அது, தடித்த ஒயிலால் சத்தத்தை அமுக்கி வாங்குகிறவன் தலையில் கட்டுவது. வைத்திருந்து ஓட்டப் போகிறவனுக்கு எதற்கு? இன்னொருவர் விலை கூடிய முழு செயற்கை ஒயிலைச் சொன்னார். அது கெட்டதென்று சொல்ல மாட்டேன். தேய்ந்த சீல் உள்ள கிழட்டுப் பெட்டிக்கு அந்தக் காசைக் கொட்டுவதைவிடச் சொன்ன ஒயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றிவிட்டுப் போகலாம்.

இப்போது இரண்டும் நான்கும் வெண்ணெயில் கத்தி. நுவரெலியாக் காலையிலும் கம்பு ஒற்றைக் கையில் போகிறதாம். மூன்று மட்டும் இறக்கும்போது இன்னும் முனகுகிறது, முன்போல் அலறவில்லை. புது றிங் ஒன்றுக்குப் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருக்கிறேன். அதே நானாதான். பெட்டியின் எழுத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "இதுக்கு எஞ்சின் ஒயில் எல்லோ ஊத்தோணும் தம்பி?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

றிங் கிடைக்கும் வரை அதன் வேலையைக் காலால் செய்துவிட அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். நேற்று அந்திக்கு வாசலில் தம்பியை முன்னால் நிறுத்திவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கால் கிளட்ச், வலது கால் எக்ஸ்லேற்றர், இடது கையில் இல்லாத கம்பு. "அமுக்கு, நியூட்டலுக்கு எடு, விடு, ஒரு ஊண்டு ஊண்டு, திரும்ப அமுக்கு, இப்ப மூணு." செருப்பு சீமெந்துத் தரையில் டக் டக் என்றது. தம்பி முதல் தடவை பிந்தினான். "இன்னொருக்கா" என்றார் அப்பா.